பிழையும் பொறியும் : கணனிவழிக் கற்பித்தல் – ஒரு வரலாற்று நோக்கு

கற்பித்தலைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் கணனியோடு தோன்றியதொன்றன்று. 1920களிலேயே அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்னி பிறெஸி, மாணவரின் விடையைச் சரிபார்க்கும் பொறியொன்றை அமைத்தார். 1950களில் ஹாவாட் பல்கலைக்கழக உளவியலாளரான பி. எவ். ஸ்கின்னர் கற்பிக்கும் பொறியைத் தமது நடத்தைக் கொள்கைக்கேற்ப வளர்த்தெடுத்தார். இப்பொறிகள் விடை சரியா பிழையா என்பதை மட்டுமே காட்டின. பிழை ஏன் நேர்ந்தது என்னும் வினா அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது. குழந்தைக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கோ அதுவே முதன்மையான வினாவாகும்.

1956ஆம் ஆண்டு டாட்மத் கல்லூரியிற் கூடிய ஆய்வாளர்களின் முயற்சியாற் செயற்கை நுண்ணறிவு தனித்துறையாக உருப்பெற்றது. 1959இல் ஆதர் சாமுவேல், ஆடியாடித் தன் திறனை வளர்த்துக்கொள்ளும் செக்கர்ஸ் ஆட்ட நிரல் பற்றி எழுதிய கட்டுரை 'பொறிக் கற்றல்' என்னும் கருத்தைப் பரவச் செய்தது. முன்னையது நோக்கம், பின்னையது அந்நோக்கத்தை அடையும் வழிகளுள் ஒன்று. எனினும் கல்வித்துறையில் முதலில் கால்கொண்டது பின்னைய வழியன்று. மனிதர் வகுத்த விதிகளைக் கணனிக்கு ஊட்டும் வழியேயாகும்.

1970இல் ஜெய்மி காபொனெல் உருவாக்கிய 'ஸ்கொலர்' என்னும் நிரல் தென்னமெரிக்கப் புவியியலை மாணவருடன் வினாவிடையாக உரையாடிக் கற்பித்தது. 1978இல் ஜோன் சீலி பிறவுண், றிச்சாட் பேட்டன் ஆகியோர் வெளியிட்ட 'பகி' ஆய்வு இதனினும் ஆழமானது. 305இலிருந்து 128ஐக் கழிக்கும் சிறுவனொருவன் 223 என விடை எழுதுவதாகக் கொள்வோம். அவன் கவனயீனமாகக் கணித்தானல்லன். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் தவறான விதியொன்றைத் தவறாமற் பின்பற்றினான். இத்தகைய விதிகளை இனங்காண்பதே அவ்வாய்வின் சாதனையாகும். ஆயின், ஒவ்வொரு பாடத்துக்கும் பிழைவிதிகளைக் கையாற் திரட்டுதல் பெருமுயற்சியை வேண்டி நின்றது.

இவ்விடத்திலேயே தரவுகளிலிருந்து கற்கும் வழி இடம்பெறலாயிற்று. 1995இல் அல்பேட் கோபெற், ஜோன் அன்டர்சன் ஆகியோர் மாணவரின் தொடர்விடைகளைக் கொண்டு, ஒரு திறனை அவர் பெற்றுவிட்டமைக்கான நிகழ்தகவை மதிப்பிடும் முறையை வெளியிட்டனர். 2015இல் ஸ்ரான்போட் ஆய்வாளர் இப்பணிக்கு நரம்பு வலையமைப்புகளைப் பயன்படுத்தினர். 2022 நவம்பரில் வெளியான 'சட் ஜிபிரி' போன்றவை, பெருந்தொகையான எழுத்துகளிலிருந்து கற்று, எப்பாடத்திலும் உரையாட வல்லனவாயின.

இவ்வளர்ச்சியில் ஈட்டமும் உண்டு; இழப்பும் உண்டு. விதிவழிப் பொறி அறிந்தது சிறிது. ஆனால் தன் முடிவுக்கான காரணத்தை ஆசிரியர் முன் வைக்க அதனால் இயன்றது. தரவுவழிப் பொறி அறிவது பெரிது. அதன் முடிவு எண்ணற்ற எண்களுள் மறைந்து கிடக்கின்றது. 'இக்குழந்தை இதனைக் கற்கவில்லை' என்று பொறி கூறும்போது, 'எதனால்?' என்று கேட்கும் உரிமையை ஆசிரியர் இழப்பாராயின், பிறெஸியின் பொறி நின்ற இடத்துக்கே கல்வி மீள்கின்றது எனலாம். காரணம் அறியாது இடப்படும் அடையாளம் ஒரு குழந்தையின் கல்வி வாழ்வை நெடுங்காலம் தொடரக்கூடும். எனவே, பொறி எவ்வளவு கற்றாலும், குழந்தையின் பிழைக்குள் இருக்கும் நியாயத்தைத் தேடும் பொறுப்பு ஆசிரியருக்கே உரியதாகும்.