சரத்தானும் காரண ஆராய்ச்சியும்

அரபு மொழியில் 'ஹகீம்' என்னும் ஒரே சொல் தத்துவ ஞானியையும் மருத்துவரையும் குறிக்கும். யூனானி வைத்தியரைத் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இன்றும் ஹகீம் என்றே அழைக்கிறோம். இரு துறைகளும் ஒன்றாக வளர்ந்த காலத்தின் எச்சம் இச்சொல். அவை பிரிந்துவிட்டதாகக் கருதப்படும் இந்நாளிலும், ஒரு நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று எதைக் கொண்டு முடிவு செய்வது என்ற கேள்வி தத்துவத்தின் கேள்வியாகவே இருந்து வருகிறது. புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அரபு மருத்துவ நூல்கள் இந்நோயைச் 'சரத்தான்' என்றன. நண்டு என்பது அதன் பொருள். கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. உடலில் கரும்பித்தம் மிகுவதே இதற்குக் காரணம் என்ற ஜாலினூஸின் கொள்கை பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. அபூபக்ர் அர்ராஸி (இறப்பு 925) ஜாலினூஸின் கருத்துகள் மீதான ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். அந்தலுஸின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவியோ, முற்றிய சரத்தானைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்தியவரைக் கண்டதும் இல்லை என்று ஒளிக்காமல் எழுதிவைத்தார். கட்டிகள் உயிரணுக்களால் ஆனவை என்பதை 1838இல் ஜெர்மானிய அறிஞர் யோஹானஸ் முல்லர் எடுத்துக்காட்டினார்.

இப்னு சீனாவும் (980-1037) கரும்பித்தக் கொள்கையையே ஏற்றிருந்தார். அக்கொள்கை வீழ்ந்தாலும், 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிக்க அவர் வகுத்த நிபந்தனைகள் வீழவில்லை. பல நோய்கள் கலந்த உடலில் சோதிக்கலாகாது, தனி நோயில் சோதிக்க வேண்டும். விளைவு எப்போதும் அல்லது பெரும்பாலும் நிகழ வேண்டும். மனித உடலிலேயே சோதிக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. கலந்திருப்பனவற்றைப் பிரித்தால்தான் காரணம் புலப்படும் என்பதே இவற்றின் சாரம்.

இந்நெறியின் தேவையை நம் தமிழ் மண்ணே உணர்த்தியது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில் மருத்துவராயிருந்த ஐ. எம். ஓர் என்பவர், வெற்றிலை போடும் பழக்கத்தோடு வாய்ப்புற்றைத் தொடர்புபடுத்தி 1933இல் 'லான்செட்' இதழில் எழுதினார். ஆனால் தாம்பூலத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என நான்கு பொருள்கள் கூடுகின்றனவே! குற்றவாளி எது? பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை மட்டுமே புற்றுநோய்க் காரணி என அறிவித்தது. புகையிலை சேராததற்குச் சான்று போதவில்லை என்றது. புகையிலை சேர்க்காமல் பாக்கு மெல்லும் வழக்கமுள்ள தைவான் போன்ற நாடுகளின் ஆய்வுகள் சேர்ந்த பின்னரே, பாக்கும் தனித்து நின்று புற்றை உண்டாக்கும் என்று 2004இல் வெளியான அதன் தொகுப்பு உறுதி செய்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058-1111) தமது 'தஹாஃபுத்' நூலில் எழுப்பிய வினாவும் இங்கே நினைவுகூரத்தக்கது. பஞ்சு நெருப்பைத் தொட்டதும் எரிகிறது. இரண்டும் சேர்ந்து நிகழ்வதைத்தான் நாம் காண்கிறோம், ஒன்றால் மற்றது நிகழ்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைக் காண்கிறோமா என்று அவர் கேட்டார். அவரது நோக்கம் இறையியல் சார்ந்தது. எனினும், உடனிகழ்ச்சி வேறு, காரணம் வேறு என்ற எச்சரிக்கை ஆய்வாளர் அனைவர்க்கும் உரியது. 1965இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் இச்சிக்கலையே எதிர்கொண்டு, தொடர்பு காரணமாகுமா என ஆராய ஒன்பது நோக்குகளை வகுத்தார். அறிவு முழுமை பெறவில்லை என்பதைக் காட்டிச் செயலைத் தள்ளிப்போடலாகாது என்றும் வலியுறுத்தினார்.

இமாமின் கருத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, 'விதித்தது நடக்கும். வெற்றிலை என்ன செய்யும்?' என்பார் நம்மிடையே உண்டு. அந்த இமாமே 'இஹ்யா'வில், மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு முரணன்று என்று விளக்கியிருப்பதை அவர்கள் அறிந்திலர் போலும்!

இது ஏட்டளவில் நின்றுவிடும் வாதமன்று. கள்ளக்குறிச்சியானாலும் கல்வராயன் மலையின் சிற்றூரானாலும், புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் முதியோர்க்கு வரும் ஆறாத புண்ணும் வெண்படலமும் காலத்தே காட்டப்பட வேண்டியவை. கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகிறது. சிறு கட்டியை அறுத்தெடுக்கலாம் என்று இப்னு சீனாவும், முற்றியதன்முன் கையற்று நின்றதாக அஸ்ஸஹ்ராவியும் எழுதியவற்றை ஆலிம்கள் தம் ஜும்ஆ உரைகளில் எடுத்துச் சொன்னால், நோய் முற்றுமுன் மருத்துவரை நாடுவோர் பெருகுவர்.