இதயப் படப்பதிவில் கான்ட்ராஸ்ட் மருந்தின் விளைவுகள்

இதயத் தமனிகளையும் இதய அறைகளையும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் துலக்கிக் காட்டுவதற்காகக் குருதியில் செலுத்தப்படும் அயோடின் கலந்த கரைசல் கான்ட்ராஸ்ட் மருந்து எனப்படும். மருத்துவமனைகளில் இதனை ‘டை’ என்றே சொல்வர். அயோடின் எக்ஸ்-கதிரை மிகுதியாக உறிஞ்சுவதால் மருந்து ஓடும் தமனி, ஆஞ்சியோகிராம் திரையில் கருங்கோடாகப் புலப்படுகிறது. எனினும் அதே சில நொடிகளில் மருந்து இதயத் தசையையும் துடிப்பைத் தூண்டும் கணுக்களையும் நனைத்துச் செல்வதால், அதன் தீய விளைவுகளை அறியாமல் அதனைக் கையாளுதல் தகாது.

இதனைக் கண்கூடாக உணர்த்தியது 1958 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் நேர்ந்த நிகழ்வாகும். அங்கு பணியாற்றிய இதயநோய் மருத்துவர் மேசன் சோன்ஸ் பெருந்தமனியைப் படமெடுக்க முனைந்தபோது, கதீட்டர் என்னும் நுண்குழாயின் நுனி வலது இதயத் தமனிக்குள் நழுவியிருந்ததால், ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் மருந்து நேரே அத்தமனியில் பாய்ந்தது. இன்று ஒருமுறைக்குச் சில மில்லிலிட்டரே செலுத்தப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டால் அதன் மிகுதி விளங்கும். நோயாளியின் இதயம் நின்றது. சோன்ஸ் அவரை இருமச் சொல்ல, இருமலால் உயர்ந்த பெருந்தமனி அழுத்தம் தேங்கிய மருந்தைத் தள்ளிவிட, துடிப்பு மீண்டது. இதயத் தமனிகளுக்குள் நேரடியாக மருந்து செலுத்திப் படமெடுக்கும் முறை இவ்விபத்திலிருந்தே பிறந்தது.

பெரும்பாலோரில் சைனஸ் கணுவுக்கும், மேலறை கீழறைகளுக்கு இடைப்பட்ட கணுவுக்கும் வலது தமனியே குருதி அளிப்பதால், அதில் மருந்து செல்லும்போது துடிப்பு தளர்வது பொதுவாகக் காணப்படுகிறது. முற்காலத்து அயனி மருந்துகளின் சவ்வூடுபரவல் செறிவு, குருதியின் சுமார் 290 மில்லிஆஸ்மோலுக்கு எதிராக 1500-ஐயும் தாண்டியது. அவற்றில் நிலைநிறுத்தத்துக்காகச் சேர்க்கப்பட்ட சிட்ரேட் போன்றவை கால்சியத்தைப் பிணைத்ததால், தசைச் சுருக்கம் குன்றி, இ.சி.ஜி.யில் க்யூடி இடைவெளி நீண்டு, சிலவேளை கீழறை நடுக்கம் என்னும் உயிராபத்தான ஒழுங்கற்ற துடிப்பும் தோன்றியது.

இக்குறையைப் பெரிதும் நீக்கியவர், அயனியாகப் பிரியாத மருந்து சாத்தியம் என 1960-களின் இறுதியில் முன்மொழிந்த சுவீடன் கதிரியலாளர் டோர்ஸ்டன் அல்மென். அவ்வழி வந்த அயோஹெக்ஸால் முதலியவற்றின் செறிவு 600 முதல் 850 வரை அமைய, அயோடிக்சனால் குருதியோடு ஒத்த செறிவுடையதாக ஆக்கப்பட்டது.

இடது கீழறையைப் படமெடுக்கையில் 30 முதல் 40 மில்லிலிட்டர் வரை விரைவாகச் செலுத்தப்படுவதால், குருதிக் கன அளவு திடீரெனக் கூடுகிறது. நாளங்கள் விரிவடைய, நோயாளி உடலெங்கும் வெப்பம் பரவுவதாக உணர்வார். ஏற்கெனவே தளர்ந்த இதயத்தில் இச்சுமை நுரையீரலில் நீர் தேங்கச் செய்யக்கூடும் என்பதால், அத்தகையோரில் எதிரொலிப் படத்தைக் கொண்டே கீழறையின் செயலை மதிப்பிடுவது நன்று.

விளைவுகள் அனைத்தும் ஆய்வறையிலேயே முடிந்துவிடுவதில்லை. முன்கழுத்துக் கழலை உடையோரில் மருந்திலுள்ள அயோடின் தைராய்டு சுரப்பை மிகைப்படுத்தி, சில வாரங்கள் கழித்து மேலறை நடுக்கத்தைத் தோற்றுவிக்கலாம். பழைய ஆஞ்சியோகிராமை யாரும் நினைவுகூராதபோது அந்நடுக்கத்தின் காரணம் எளிதில் தவறிப்போகிறது.