கட்டவலை நிலப்படம்: நாமக்கல், சேலம் சமவெளி

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறிக்கப்பட்ட இடங்களை ஒரே அளவான கட்டங்களில் போட்டு, கட்டத்துக்கு எத்தனை விழுந்தன என்று எண்ணியோ, சராசரி கண்டோ வரையும் படம் கட்டவலை நிலப்படம். மழைமானி நிற்கும் இடம், மண் மாதிரி எடுத்த வயல், பறவை தென்பட்ட மரம், லாரி நின்ற திருப்பம் என்று எதுவும் இதில் புள்ளியாகலாம். நூறு புள்ளிகள் என்றால் கண்ணாலேயே படித்துவிடலாம். லட்சம் புள்ளிகள் என்றால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படமே கறுத்துப்போகும். அங்கேதான் கட்டம் உதவுகிறது. ராசிக்கட்டத்துக்கும் கட்டம் போட்ட லுங்கிக்கும் வழங்குகிற அதே சொல்லே இதற்கும் போதும்.

இத்தகைய கட்டங்களின் வரலாற்றை நாமக்கல்லில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான இந்த மாவட்டத்தின் ஊடாக, கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை வடக்கு தெற்காகச் செல்கிறது. திருச்செங்கோடு அதற்கு மேற்கே இருக்கிறது. நாமக்கல், ராசிபுரம், சேலம் ஆகியவை கிழக்கே. தரையில் அந்தக் கோட்டுக்கு ஓர் அடையாளமும் கிடையாது. ஆறோ கரடோ அதை ஒட்டி ஓடவில்லை. ஆனாலும் நில அளவையாளர்கள் இந்த நாட்டைக் கட்டமாகப் பிரித்தபோது பலமுறை அது இந்த மாவட்டத்தை இரண்டாக வெட்டியிருக்கிறது.

கணக்கு

செய்முறை எளியது. ஓர் இடத்தின் அட்சரேகையைக் கட்டத்தின் அளவால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட வேண்டும். தீர்க்கரேகைக்கும் அப்படியே. கிடைக்கும் இரண்டு முழு எண்களும் சேர்ந்து கட்டத்தின் பெயர் ஆகும். நாமக்கல் நகரம் ஏறத்தாழ 11.22 பாகை வடக்கு, 78.17 பாகை கிழக்கு. கால் பாகைக் கட்டம் என்றால் 11.22ஐ 0.25ஆல் வகுக்க 44.88, மிஞ்சுவது 44. 78.17ஐ வகுக்க 312.68, மிஞ்சுவது 312. ஆக நாமக்கல் விழும் கட்டம் 44, 312. வடக்கில் 11.00 முதல் 11.25 வரையும், கிழக்கில் 78.00 முதல் 78.25 வரையும் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் அதுவே பெயர். மோகனூரும் இதில்தான் அடங்கும். சரியாகக் கோட்டின்மேல் விழும் புள்ளி எந்தப் பக்கம் சேரும் என்று முன்கூட்டியே ஒரு விதி செய்துகொள்ள வேண்டும். கிழக்கு, வடக்குப் பக்கக் கட்டத்தில் சேர்ப்பது வழக்கம்.

இந்தக் கட்டம் நாமக்கல் பக்கத்தில் வடக்கு தெற்காக 27.6 கி.மீ., கிழக்கு மேற்காக 27.3 கி.மீ. இருக்கும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், தில்லியில் இதே கால் பாகைக் கட்டத்தின் அகலம் 24.4 கி.மீ.தான். இரண்டு ஊர்களின் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால் தில்லிக்கு அநியாயம் நடக்கும். பரப்பால் வகுத்து, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். சிறு வேலைதான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

புலமும் கட்டமும்

நிலப்படத்தில் சம அளவுக் கட்டம் போடும் பழக்கம் மிகப் பழையது. சீனத்தில் 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெய் சியூ நிலப்படம் வரைய விதிகள் வகுத்தவர். 1136இல் அங்கே கல்லில் வெட்டிய ஒரு படத்தில் நூறு லீ பக்கமுள்ள சதுரக் கட்டங்கள் நாடு முழுவதும் ஓடுகின்றன.

நம் சமவெளியில் நவீன அளவை கட்டத்தோடு தொடங்கவில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியின் கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்கள் தாமஸ் மன்றோ, கிரகாம், மெக்லியாட் ஆகியோரும் நிலத்தை வயல் வயலாக அளந்து வரி கட்டினார்கள். ரயத்துவாரி முறை இங்கே முளைத்ததுதான். அவர்கள் எண் கொடுத்தது உழுபவன் வரப்புக்குள் அடங்கிய நிலத்துக்கு. இன்றைய புல எண், உட்பிரிவு, புலப்படம் எல்லாம் அந்தச் சிந்தனையின் வழிவந்தவை. புலம் மனிதர்களின் உடைமையைப் பின்பற்றி வளைந்து நெளியும்; கட்டம் யாரையும் கேட்காது. நிலத்தைப் பகுப்பதில் உள்ள இந்த இரண்டு மனப்போக்குகளும் அன்று முதல் இன்றுவரை இங்கே அருகருகே நடக்கின்றன.

இரண்டாவது மனப்போக்கைக் கொண்டுவந்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கி, முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியா முழுவதையும் பின்னினார். அவருடைய முதன்மையான வேலை, குமரி முனைப் பக்கத்துப் புன்னையிலிருந்து கோவைப் பகுதியின் பச்சாபாளையம், பெங்களூரின் தொட்டகுண்டா வழியாக வடக்கே ஏறிய பெரிய வில். ஒரு பாகைக்குத் தரையில் எவ்வளவு தூரம் என்று கண்டு, பூமியின் வடிவத்தைச் சொல்வதே அதன் நோக்கம். அந்த வில் 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிச் செல்கிறது. லாம்டன் 1823இல் இறந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை இமயமலை அடிவாரம் வரை கொண்டுசென்றார். அவர் 1830இல் வெளியிட்ட நீள்கோள அளவுகளின்மேல்தான் இந்திய நிலப்படங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றன.

58 இ, 58 ஐ

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நில அளவைத் துறை நாட்டை வரிசை எண்களால் பகுத்தது. நான்கு பாகைக்கு நான்கு பாகை பெரிய தாள். அதனுள் ஆங்கில அகரவரிசையின் முதல் 16 எழுத்துகளால் 16 ஒரு பாகைத் தாள்கள். ஒவ்வொன்றினுள்ளும் 1 முதல் 16 வரை எண்ணிட்ட 15 கலைத் தாள்கள். எழுத்தும் எண்ணும் மேற்கு ஓரத்தில் மேலிருந்து கீழே இறங்கி, பிறகு அடுத்த வரிசைக்குப் போகும். புவியியல் மாணவர்கள் கையில் பிடிக்கும் டோப்போ ஷீட் இந்தக் கடைசித் தாள்தான். முன்பு மைலுக்கு ஓர் அங்குலம். மெட்ரிக் முறை வந்தபின் 1:50,000.

இம்முறைப்படி சேலம் நகரம் 58 ஐ/2இல் இருக்கிறது. ராசிபுரம் 58 ஐ/3, நாமக்கல் 58 ஐ/4. கொல்லிமலை பெரும்பாலும் 7, 8 ஆகிய தாள்களில். திருச்செங்கோட்டுக்கு வந்தால் எழுத்தே மாறி 58 இ/15. நாமக்கல்லிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு வேறு கட்டுத் தாள்களைப் புரட்ட வேண்டும். நடுவில் இருப்பது 78 பாகைக் கோடு. 15 கலை என்பது கால் பாகை. எனவே மேலே வகுத்துக் கண்ட 44, 312 என்ற கட்டமும் 58 ஐ/4 என்ற தாளும் ஒன்றே. கணினி இன்று ஒரு நொடியில் செய்யும் தொகுப்பை, தாள் அடுக்கும் அலமாரி நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவைத்திருந்தது.

இராணுவத்துக்கு மீட்டரும் கஜமும் நேராக அளக்க முடிகிற சதுரக் கட்டம் வேண்டியிருந்தது. தென்னிந்தியாவுக்கான லாம்பர்ட் கட்டவலைக்கு மூலப்புள்ளி 12 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கு. புதுச்சேரிக்கு வடகிழக்கே கடலுக்குள் இருக்கிறது. எங்கும் குறை எண் வராதபடி அந்தப் புள்ளிக்கு 30 லட்சம் கஜம் கிழக்கு, 10 லட்சம் கஜம் வடக்கு என்று பொய்யாக ஒரு மதிப்பைக் கொடுத்தார்கள். கட்டம் போட்ட அந்தத் தாள்கள் பொதுமக்கள் கைக்கு எளிதில் வந்ததில்லை.

எட்டு லட்சமும் இரண்டு லட்சமும்

2005இன் தேசிய நிலப்படக் கொள்கை பொதுமக்களுக்கெனத் தனியாக ஒரு வரிசைத் தாள்களைக் கொண்டுவந்தது. அவை உலகப் பொது நீள்கோளமான டபிள்யூ.ஜி.எஸ். 84இன்மேல், யூ.டி.எம். எனப்படும் மெர்க்கேட்டர் கட்டவலையில் வரையப்பட்டவை. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் நிலத்தரவைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் இருந்த முன் அனுமதித் தடைகளைப் பெரிதும் நீக்கின.

யூ.டி.எம். முறை உலகத்தை ஆறு பாகை அகலமுள்ள 60 பட்டைகளாக வெட்டுகிறது. 43ஆம் பட்டை 72 முதல் 78 பாகை வரை. 44ஆம் பட்டை 78 முதல் 84 வரை. மீண்டும் அதே கோடு. ஒவ்வொரு பட்டையின் நடுக்கோட்டுக்கும் கிழக்கு மதிப்பு 5 லட்சம் மீட்டர். அதனால் திருச்செங்கோட்டின் கிழக்கு மதிப்பு 8 லட்சத்து 16 ஆயிரம் மீட்டரை ஒட்டியும், அதற்குக் கிழக்கே இருக்கும் நாமக்கல்லின் மதிப்பு 1 லட்சத்து 91 ஆயிரத்தை ஒட்டியும் வரும். பட்டை எண்ணைக் கவனியாமல் இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தால், திருச்செங்கோடு நாமக்கல்லுக்குக் கிழக்கே அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வங்கக் கடலில் போய் விழும். மாவட்டம் முழுவதற்கும் படம் வரைபவர் 44ஐத் தேர்ந்து, மேற்குப் பகுதியையும் அதற்குள் நீட்டிக் கணக்கிடுவது நடைமுறை. கோட்டைச் சற்றே தாண்டுவதால் வரும் பிழை மிகச் சிறியது.

பழைய தாளையும் புதிய ஜி.பி.எஸ். எண்ணையும் கலப்பதில் இன்னொரு விபத்து காத்திருக்கிறது. எவரெஸ்ட் நீள்கோளத்தில் எழுதிய எண்ணும் டபிள்யூ.ஜி.எஸ். 84 எண்ணும் இப்பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். ஒரு கிலோமீட்டர்க் கட்டத்தில் இது பெரும்பாலும் தெரியாது. நூறு மீட்டர்க் கட்டத்தில் ஒவ்வொரு கிணறும் அடுத்த கட்டத்துக்குக் குடிபோய்விடும்.

மழையும் மண்ணும்

கட்டத் தொகுப்பு நேரடியாக வயலைத் தொட்டது இரண்டு வகையில். முதலாவது மழை. இந்திய வானிலைத் துறை 2006இல் 1,803 மழைமானி நிலையங்களின் பதிவுகளை ஒரு பாகைக் கட்டங்களாகத் தொகுத்தது. 2014இல் 6,955 நிலையங்களைக் கொண்டு, 1901 முதலான தினசரி மழையைக் கால் பாகைக் கட்டங்களாக மாற்றியது. அருகிலுள்ள நிலையத்துக்கு அதிக எடை, தூரத்து நிலையத்துக்குக் குறைந்த எடை என்பது கணக்கு. அந்தக் கட்டவலையின் புள்ளிகள் கால் பாகை மடங்குகளில் அமைகின்றன. அதாவது டோப்போ ஷீட்டின் மூலைகள்தான் மழைப் புள்ளிகள். நாமக்கல் மாவட்டம் முழுவதும் பரப்பளவில் நான்கைந்து கட்டங்களுக்குள் அடங்கிவிடும்.

இங்கேதான் கட்டத்தின் குறை பளிச்சென்று தெரிகிறது. கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டிய ஊர். அடிவாரத்தில் கடலையும் மரவள்ளியும் வானம் பார்த்துக் கிடக்கும். மலையில் பெய்ததும் அடியில் பெய்யாததும் ஒரே கட்டத்தில் விழுந்தால் வரும் சராசரி இரண்டு இடத்துக்குமே பொருந்தாது. பயிர்க் காப்பீட்டுக்கோ வறட்சி நிவாரணத்துக்கோ இந்த எண்ணை எடுப்பவர், கட்டத்துக்குள் மலை இருக்கிறதா என்று பார்க்காமல் எடுப்பது விவசாயிக்குச் செய்யும் தீங்கு என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது மண். 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒரு கட்டம், மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒரு கட்டம் என்று வகுத்தது. ஒரு கட்டத்தில் எடுத்த மாதிரியின் முடிவு அதனுள் நிலம் வைத்திருக்கும் எல்லாருடைய அட்டையிலும் ஏறும். ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்காலின் பாசனத்தில் வாழையும் கரும்பும் வெற்றிலையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஆறேகால் ஏக்கருக்குள் மூன்று பயிர், மூன்று விதமான உரப் பழக்கம். 2019-20இல் மாதிரிக் கிராமம் என்ற பெயரில் கட்டத்தை விட்டு, அவரவர் நிலத்திலேயே மண் எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ரீடின் புலத்துக்கே திரும்பியதுபோலத்தான் இது.

கட்டத்தின் அளவும் தொடங்கும் இடமும் மாறினால் படம் மாறும் என்பதை 1984இல் ஸ்டான் ஓப்பன்ஷா விரிவாக எழுதினார். லாரி நகரமான நாமக்கல்லில் இதை எளிதாகக் காட்டலாம். லாரிகளின் ஜி.பி.எஸ். புள்ளிகளைப் பத்து கிலோமீட்டர்க் கட்டத்தில் போட்டால் மாவட்டத்தின் நடுப்பகுதி முழுக்கச் சிவந்து தெரியும். ஐந்நூறு மீட்டரில் போட்டால் சேலம் கரூர் நெடுஞ்சாலை மட்டும் கயிறுபோலத் தெரியும். இரண்டும் பொய்யல்ல. எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டம் என்பதை வரைபவர் படத்தின் ஓரத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பெரிய கட்டத்துக்கு ஒரு நன்மையும் உண்டு: தனி ஒருவரின் வீடு அதில் மறைந்துவிடும். நோயாளிகளின் முகவரியை வைத்துப் படம் வரையும்போது இது அவசியம்.

பறவைக் கணக்கெடுப்பில் கட்டம் வேறு விதமாக உதவியது. 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடத் தொகுப்பில், சுமார் 1.1 கி.மீ. உட்கட்டங்களை முன்கூட்டியே குலுக்கித் தேர்ந்து, தன்னார்வலர்களை அங்கே அனுப்பினார்கள். குளக்கரைக்கே எல்லாரும் போய்க் குவிவது அதனால் தவிர்ந்தது. சதுரத்தை விட்டு அறுகோணத்துக்குப் போனவர்களும் உண்டு. ஊபர் நிறுவனம் 2018இல் திறந்துவிட்ட எச்3 முறை அத்தகையது.

டிஜிபின்

1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த அஞ்சல் குறியீட்டு எண் தபால் பட்டுவாடாவைப் பின்பற்றியது. சேலத்துக்கு 636, நாமக்கல்லுக்கு 637 என்று தொடங்கும். அஞ்சல் துறை, ஐதராபாத் ஐ.ஐ.டி., இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவை சேர்ந்து உருவாக்கி 2025 மே 27 அன்று வெளியான டிஜிபின் முழுக்கக் கட்டத்தை நம்புகிறது. வடக்கில் 2.5 முதல் 38.5 பாகை, கிழக்கில் 63.5 முதல் 99.5 பாகை என 36 பாகைச் சதுரம் ஒன்று. அதை நான்குக்கு நான்காகப் பதினாறாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ கொடுத்து, மறுபடியும் வெட்டி, பத்து முறை இப்படியே. கடைசியில் மிஞ்சுவது ஏறத்தாழ நான்கு மீட்டர்ச் சதுரம். ஒரு வீட்டு வாசல்.

முதல் வெட்டில் ஒவ்வொரு கட்டமும் ஒன்பது பாகை. 78ஆம் கோடு இங்கே யாரையும் பிரிக்கவில்லை. ஆனால் 11.5 பாகை வடக்குக் கோடு பிரிக்கிறது. அது ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவே போகிறது. சேலம் நகரத்தின் டிஜிபின் சென்னையைப் போலவே 4 என்ற எண்ணில் தொடங்கும். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு மூன்றும் கன்னியாகுமரியைப் போல எம் என்ற எழுத்தில். அந்தக் கோட்டின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு வீடுகள் இருந்தால், தெருவைக் கடக்கப் பத்து அடிதான். குறியீட்டில் முதல் எழுத்திலிருந்தே வேறு வேறு. முன்னெழுத்து ஒத்தால் பக்கம் என்று மட்டும் எழுதிய நிரல் அண்டை வீட்டைக் கண்டுபிடிக்காது. தேடும் கட்டத்தோடு அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.