நாயுடுபுரம்: நடைபாதை, மிதிவண்டிப் பாதைகளுக்கான நிதி

நாயுடுபுரம், திண்டுக்கல் மாவட்டத்தில் கொடைக்கானல் நகராட்சிக்கு உட்பட்ட குடியிருப்புப் பகுதி. வில்பட்டி, பள்ளங்கி ஊர்களுக்குப் போகும் வழியில் இருக்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பெரும்பாலும் ஏற்றமும் இறக்கமுமான இந்த மலைநகரில் நடப்பவருக்கும் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் பாதை அமைக்கப் பணம் எங்கிருந்து வந்தது, இன்று எங்கிருந்து வரக்கூடும் என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

கொடைக்கானல் கால்நடையாக ஏறி வந்தவர்களால் உருவான ஊர். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே வீடு கட்டியபோது வண்டிச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆள் சுமக்கும் டோலியிலோதான் வர வேண்டும். அந்தப் பக்கத்து மலைவழியில் உள்ள வெள்ளகவி கிராமம் வாகனச் சாலை இல்லாமலே நெடுங்காலம் இருந்தது. வத்தலக்குண்டு வழியிலான மலைச்சாலைக்கு 1875இல் தொடக்கம் போட்டார்கள். பொறியாளர் மேஜர் லாவின் பெயரால் ‘லாஸ் காட்’ எனப்படும் அந்தச் சாலை முடிந்தது 1914இல்.

ஊருக்குள் நடப்பவர்க்குக் கிடைத்த இரண்டு பெரிய சொத்துகளும் இந்தச் சாலைக்கு முந்தியவை. மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து, பெரும்பகுதி தன் கைப்பணத்தில் ஏரியை உண்டாக்கினார். அதைச் சுற்றி ஏறத்தாழ 5 கி.மீ. நீளத்துக்கு ஓடும் ஏரிச்சாலைதான் ஊரில் ஓரளவு சமதளமான வழி. வாடகைச் சைக்கிள்கள் அங்கேயே சுற்றுவதற்குக் காரணமும் அதுதான். குதிரைகளும் கார்களும் அதே சாலையில் இடம் கேட்கின்றன என்பது வேறு கதை. இன்னொன்று, லெப்டினன்ட் கோக்கர் 1872இல் செங்குத்துச் சரிவின் விளிம்பில் அமைத்த கோக்கர்ஸ் வாக். சுமார் 1 கி.மீ. நீளமுள்ள இந்த நடைபாதையில் நுழைய நகராட்சி கட்டணம் வசூலிக்கிறது. நடப்பதற்குக் கட்டணம் வாங்கும் பாதை தமிழ்நாட்டில் அபூர்வம். சுற்றுலாப் பயணி காசு கொடுக்கிறார், பாதை பராமரிப்பில் இருக்கிறது. பள்ளிக்கும் சந்தைக்கும் தினமும் நடக்கிற குடியிருப்புப் பகுதிகளில் அப்படி வசூலிக்கவும் முடியாது, வசூலிக்கவும் கூடாது. நாயுடுபுரம் போன்ற இடங்களின் நிதிச் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மலையில் நடைபாதை போடுவது சமவெளியில் போடுவது போன்றதல்ல. இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. ஒருபுறம் மண்சரிவும் மறுபுறம் பள்ளமுமான சாலையில் அந்த அகலத்தைப் பெற மலையை வெட்ட வேண்டும், அல்லது பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். மதிப்பீட்டில் கல் பதிக்கும் செலவைவிடச் சுவரும் வடிகாலும் பெரிய தொகையாக நிற்கும். இரண்டு பருவமழையிலும் நனையும் ஊர் இது. வடிகால் இல்லாத பாதை மழை வந்தால் ஓடையாகிவிடும். மழைநீர் வடிகால் கட்டி அதன் மேல் கான்கிரீட் பலகை போட்டு, அதையே நடைபாதையாக்குவது தமிழக நகரங்களில் வழக்கமான உத்தி. பலகைகளை இடைவெளி விடாமல் மட்டமாகப் பொருத்தினால் ஒரே செலவில் இரண்டு வேலை முடியும். பெயர்ந்த ஒரு பலகை இருந்தாலும் மக்கள் மீண்டும் தார்ச் சாலைக்கே இறங்கிவிடுவார்கள். இவ்வளவு சரிவில் மிதிவண்டித் தடத்துக்குப் பணம் தேடுவதைவிட, குறுக்குவழிகளில் கைப்பிடிக் கம்பி வைத்த படிக்கட்டுக்கும் தெருவிளக்குக்கும் தேடுவதே விவேகம். மிதிவண்டிக்கான பணம் ஏரிச்சாலையில் போடத்தக்கது.

நிதி வரும் வாய்க்கால்கள் பல. சொத்துவரி முதலான சொந்த வருவாய் நகராட்சியிடம் இருக்கிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு, மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. 15ஆவது மத்திய நிதி ஆணையம் (2021-26) சிறு நகரங்களுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டது. நடைபாதைக்கு உதவக்கூடியது எஞ்சிய 40. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இவை பெரும்பாலும் புதிதாகக் கட்டத்தான். கட்டியதைப் பழுதுபார்க்க நகராட்சியின் பொதுநிதியையே நாட வேண்டும்.

குடியிருப்போர் நேரடியாகக் கைகொடுக்கும் வழி ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-98இல் தொடங்கி, 2021இல் புதுப்பிக்கப்பட்ட இத்திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். விடுதிகள் மிகுந்த தெருவில் அந்தப் பங்கு எளிதில் திரண்டுவிடும். கூலி வேலை செய்வோர் தெருவில் திரளாது. வசதியுள்ள தெருவுக்கு முதலில் அரசுப் பணம் போய்ச் சேருவது இத்திட்டத்தின் பிறவிக் குறை.

ஒதுக்கீட்டு விதி ஒன்றுக்கு முன்மாதிரி சென்னையில் இருக்கிறது. 2014இல் மாநகராட்சி ஏற்ற மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்கச் சொன்னது. 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துக்குப் பணம் பொலிவுறு நகரங்கள் திட்டத்திலிருந்து வந்தது. அந்தத் திட்டத்தில் கொடைக்கானலுக்கு இடம் கிடைக்கவில்லை. மிதிவண்டிக்கு அரசு செலவிடாமல் இல்லை: பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி ஆண்டுதோறும் போகிறது. வண்டியைக் கொடுப்பது ஒரு துறை, அது ஓட வேண்டிய சாலை இன்னொரு துறை.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் 1 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என உச்சவரம்பு வந்தது. இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை. வாகனத்தை எண்ணும் ஏற்பாடு, நடப்பவருக்கு நிதி தரும் ஏற்பாடாக மாறவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்றது. ஆனால் தீர்ப்போடு பணம் வருவதில்லை.

கோரிக்கை வைக்கும் இடம், 2022 முதல் நடைமுறைக்கு வந்த பகுதி சபையும் வார்டு குழுவும். அங்கே தீர்மானம் போடுமுன் நில வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. சாலை நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஓரம் வனத்துறை எல்லையா என்பதைப் பொறுத்தே யாருடைய தடையின்மைச் சான்று வேண்டும், எந்தக் கணக்கில் செலவு எழுதப்படும் என்பது முடிவாகும்.