காவிரிக்கரை உருக்கும் கண்ணுக்குத் தெரியாத அழுக்கும்

ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடும் காவிரியில், மேற்கே கரூர் மாவட்டத்திலேயே நொய்யல் ஆறு வந்து கலந்துவிடுகிறது. அந்த நொய்யலின் கரையில், ஈரோடு மாவட்டத்தில் உள்ள ஊர் கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிப்பிடும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன.

தமிழகத்துக் கொல்லர்கள் இரும்புத் துண்டுகளோடு மரத்துண்டும் இலையும் சேர்த்து, மண் மூசையில் மூடிக் காய்ச்சினார்கள். கார்பன் இரும்பில் ஏறி உருக்கு ஆனது. ஐரோப்பியர் இதை 'ஊட்ஸ்' என்றார்கள். டமாஸ்கஸ் வாள்கள் இந்த வகை உருக்கில் செய்யப்பட்டவையே.

1795-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் ஊட்ஸ் பற்றிக் கட்டுரை படித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடேயும் இதை ஆராய்ந்தார். ஆனாலும் ஐரோப்பியக் கொல்லர்கள் அடித்தால் இது நொறுங்கியது! என்ன காரணம்?

எந்த உலோகமும் நுண்ணிய மணிகளின் தொகுப்புதான். ஊட்ஸில் கார்பன் 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். வெண்மையாகப் பழுக்கும்வரை சூடாக்கினால் மணிகளின் எல்லைகள் இளகி, அடி விழுந்ததும் பிளந்துவிடும். நம் கொல்லர்கள் குறைந்த சூட்டிலேயே பொறுமையாக அடித்தார்கள்.

1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓலெக் ஷெர்பி குழுவினர் அதே அளவு கார்பன் உள்ள உருக்கில் மணிகளை மிகச் சிறிதாக்கினார்கள். தகுந்த சூட்டில் மெதுவாக இழுத்தபோது மணிகள் ஒன்றையொன்று உரசி நழுவ, உருக்கு சூயிங்கம் போலப் பல மடங்கு நீண்டது. இதுவே 'சூப்பர் பிளாஸ்டிசிட்டி'. சூட்டில் மணிகள் வளர்ந்து பெரிதானால் இந்தக் குணம் போய்விடும். எல்லைகளில் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கார்பைடு துகள்கள்தான் அதைத் தடுக்கின்றன. இந்த நழுவலின் கோட்பாட்டில் முக்கியமானவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய கே.ஏ.பத்மநாபன். டேவிஸுடன் அவர் எழுதிய நூல் 1980-ல் வந்தது.

அழுக்கின் கதை 1998-ல் தெளிவானது. டமாஸ்கஸ் வாளின் அலைக்கோடுகளுக்கு வெனேடியம் போன்ற தனிமங்கள் துளியளவு வேண்டும் என்று வெர்ஹோவன் குழு காட்டியது. 0.003 சதவீதம்கூடப் போதுமாம்! அந்தத் தாது தீர்ந்ததால் கலையே அழிந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

அதே சமயம் கந்தகம், பாஸ்பரஸ் அதிகமானால் எல்லைகள் பலமிழந்து உருக்கு உடையும். எந்த அழுக்கு நல்லது என்பதைக் கொல்லர்கள் கையால் அறிந்தார்கள், எழுதி வைக்கவில்லை. 19-ம் நூற்றாண்டில் மலிவான ஆங்கில இரும்பு வந்ததும் உலைகள் அணைந்தன. அந்தக் கையறிவும் அவற்றோடு போனது.