மூளை அமைப்பும் பொது நுண்ணறிவும்

மூளையின் பருமன், புறணியின் தடிப்பு, நரம்பிழைகளின் இணைப்பு ஆகியவற்றுக்கும் மனிதரின் பொது அறிவாற்றலுக்கும் உள்ள தொடர்பைக் கணித மாதிரிகளால் விளக்க முயலும் ஆய்வுத்துறை.

தொடக்கக் காலம்: தராசில் தொடங்கிய துறை இது. 1855இல் கணித மேதை காஸ் இறந்ததும் கோட்டிங்கன் நகரில் உடலியல் அறிஞர் ரூடால்ஃப் வாக்னர் அவரது மூளையை நிறுத்துப் பார்த்தார். 1492 கிராம். சராசரியைவிடச் சற்றே மிகுதி, அவ்வளவுதான். ஆகவே வாக்னரின் கவனம் எடையை விட்டு மடிப்புகளின் மேல் சென்றது. (அம்மூளை பின்னர் மருத்துவர் ஃபுக்ஸ் என்பவரின் மூளையோடு சாடி மாறிப்போனது 2013இல்தான் தெரியவந்தது.) எனினும் 1861இல் பாரிஸ் மானிடவியல் கழகத்தில், மூளை பெருத்தால் அறிவும் பெருகும் என்று மருத்துவர் பால் புரோக்கா வாதிட்டார், உடற்கூற்றறிஞர் கிராசியோலே மறுத்தார். வென்றது புரோக்காவின் கட்சி. அவரைச் சூழ்ந்திருந்த அறிஞர் சிலர், இறந்தபின் ஒருவர் மூளையை மற்றவர் அறுத்து ஆராய்வதென்று 1876இல் ஒரு சங்கமே அமைத்தனர். பெண்களின் மூளை எடை குறைவாயிருப்பதற்கு உடலளவு ஒரு பகுதிக் காரணமே என்று புரோக்கா ஒதுக்கியது அவருடைய பெரும் பிழை.

எழுத்தாளர்களின் மூளைகள் பருமனே அறிவு என்னும் இக்கொள்கையைச் சோதித்தன. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2012 கிராம். 1924இல் மறைந்த பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சுடையது 1017 கிராம். இருவரின் இலக்கியத் தகுதியையும் இதே விகிதத்தில் பங்கிட எந்த விமர்சகரும் துணியமாட்டார்.

பொதுக் காரணி: பள்ளிப் பாட மதிப்பெண்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்ட உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பியர்மன், அவற்றின் அடியில் பொதுவான ஒரு காரணி இருப்பதாக 1904இல் எழுதினார். மனத்தில் உள்ள ஓர் ஆற்றலா, கணக்கு முறையின் விளைவா என்று சிலர் ஐயுற்றபோதும், மாதிரிகள் பலவும் இக்காரணியையே நுண்ணறிவின் அளவாகக் கொள்கின்றன.

பிற்காலம்: 1991இல் உளவியலாளர் வில்லர்மனின் குழு 40 மாணவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. படத்தில் அளந்தது. உயிருள்ளவர் மூளைக்கு இவ்வாறு கணக்குக் கிடைத்தது. பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, பருமனுக்கும் நுண்ணறிவுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு 2005இல் 0.33 என்றும் 2015இல் 0.24 என்றும் வந்தது. ஆய்வாளர்கள் யுங், ஹையர் இருவரும் 2007இல் 37 படப்பிடிப்பு ஆய்வுகளைத் திரட்டி, நெற்றி மடலும் அதன் பின்னுள்ள சுவர் மடலும் இணைந்து இயங்குவதே நுண்ணறிவுக்கு அடிப்படை என்றனர். 1936இல் பிறந்த ஸ்காட்லாந்து முதியோர் 672 பேரிடம் செய்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், மூளையின் பல அளவுகளைச் சேர்த்தும் நுண்ணறிவு வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே விளங்கிற்று. அதிலும் பெரும்பங்கு மூளைப் பருமனுடையது. இப்போது இணைப்பு வரைபடங்களையும் கணினிக் கற்றலையும் கொண்டு மாதிரிகள் உருவாக்கப்படுகின்றன.