ஈயம் பூசக் கூலி என்ன?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவது உப்பளம்தான். பாத்தி பாத்தியாகத் தேங்கிய கடல் நீர். வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். அந்த உப்பு அளத்தோடு நிற்பதில்லை. கிணற்றில் இறங்குகிறது, சுவரில் பூக்கிறது, வீட்டுப் பாத்திரத்தையும் தின்கிறது.

அங்கே ஒரு நண்பர் வீட்டில் பழைய செப்புப் பாய்லர் இருக்கிறது. நடுக்குழாயில் சவுக்குச் சுள்ளியைப் போட்டுக் கொளுத்தினால் சுற்றிலும் உள்ள தண்ணீர் கொதிக்கும். குளிக்கவும் அதுதான், அவசரத்துக்கு உலை வைக்கவும் அதுதான். சென்ற ஆண்டு அதன் அடியில் ஒழுக ஆரம்பித்தது. கன்னார் ஒருவரை அழைத்து வந்தார்கள். வயதானவர். தட்டிப் பார்த்தார், உள்ளே கை விட்டுத் தடவினார். "ஆயிரத்து இருநூறு ஆகும், அம்மா" என்றார்.

"அறுநூறு தருகிறேன், பெரியவரே" என்றார் நண்பரின் மனைவி.

கிழவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அறுநூறுக்கும் செய்யலாம். எந்த ஈயம்னு மட்டும் கேட்காதீங்க" என்றார்.

அந்தப் பதில் என்னைப் பல நாள் விடவில்லை. நியாயமான கூலி எது என்பதை யார் சொல்வது?

பண்டமாற்று நாளில் இந்தக் கஷ்டம் குறைவு. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்தக் காலத்து உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றிப் போய், உப்புக்குச் சரிக்குச் சரி நெல் அளந்து வாங்கியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. உப்பும் கண் முன்னே, நெல்லும் கண் முன்னே. நாவில் ஒரு கல்லைப் போட்டால் சரக்கின் தரம் தெரிந்துவிடும். ரிப்பேர் வேலை அப்படியா? பாய்லரின் உள்ளே பூசியது என்ன என்று பணம் கொடுக்கிறவனுக்குத் தெரியாது. பூசியவனுக்கு மட்டுமே தெரியும்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஏறக்குறைய 1014-ல் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டு, கோயில் ஊழியர்களுக்குப் பங்கு விதிக்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைச் சொன்ன அதே பட்டியலில் கன்னானும் இடம் பெறுகிறான். கோயில் பாத்திரம் எத்தனை தரம் ஓட்டையானாலும் அவன் பங்கு மாறாது. கிராமத்திலும் இதே ஏற்பாடுதான். 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையைக் கணக்கெடுத்த பர்னார்டு துரையின் ஏடுகளைப் பாருங்கள். களத்து நெல்லிலிருந்து தச்சருக்கு இவ்வளவு, கொல்லருக்கு இவ்வளவு என்று மேரை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இதிலே ஒரு சூட்சுமம் உண்டு. ஆண்டுக் கூலி வாங்குகிறவனுக்கு, ஒரு தரம் செய்த வேலை பத்து வருஷம் நின்றால் லாபம். தரத்துக்குத் தரம் காசு வாங்குகிறவனுக்கோ, அது சீக்கிரம் கெட்டால்தான் மறுபடி வேலை! மேரை முறையைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அது மனிதனைச் சாதியோடும் ஊரோடும் சேர்த்துக் கட்டிப்போட்டது. ஆனால், வேலை நிலைப்பதில் இருவருக்கும் அக்கறை இருக்க வேண்டும் என்ற ஒன்றை அது அறிந்திருந்தது.

விலையை ஒரே பக்கம் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உப்பளமே சாட்சி. 1805-ல் கம்பெனி அரசாங்கம் சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைவிக்கிறவனுக்குக் கொடுக்கும் குடிவாரத்தையும் அதுவே நிர்ணயித்தது. சாப்பிடுகிறவனிடம் வாங்கும் விலையையும் அதுவே நிர்ணயித்தது. பேரம் பேச யாருக்கும் இடமில்லை. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும், 1947-ல் உப்பு வரி ஒழிந்ததும் அந்தக் கதையின் முடிவு. ஆனால், அறுநூறுதான் என்று பிடிவாதமாக நிற்கும்போது நாமும் ஒரு சின்னக் கம்பெனி அரசாங்கம்தானே?

கிழவர் சொன்ன ஈயத்துக்கு வருகிறேன். தமிழில் ஈயம் இரண்டு. வெள்ளீயம் விலை அதிகம், பாத்திரத்துக்குப் பாதுகாப்பு. காரீயம் மலிவு, உடம்புக்கு விஷம், குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். இரண்டையும் கலந்து பூசினாலும் புதிதில் பளபளவென்றுதான் இருக்கும். "ஈயம் பூசறது" என்று தெருவில் கேட்கும் குரல் எந்த ஈயம் என்று சொல்வதில்லை. நாம் அடித்துக் குறைக்கும் காசு, அவர் வயிற்றிலிருந்து போகாவிட்டால் நம் உலையில்தான் வந்து விழும்.

கடைசியில் நண்பர் நடுவே வந்தார். கணக்குக் கேட்டார். கிழவரும் சந்தோஷமாகவே சொன்னார்: வெள்ளீயம் இவ்வளவு, நவச்சாரமும் கரியும் இவ்வளவு, அடியில் வைக்கும் செப்புத் தகடு இவ்வளவு, ஒரு நாள் கூலி இவ்வளவு. ஆயிரத்து நூறுக்கு முடிந்தது. வேலை வாசலிலேயே நடக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் ஒழுகினால் காசில்லாமல் பார்த்துத் தர வேண்டும் என்று பேச்சு.

துருத்தி ஊத, புளி போட்டுத் துலக்கிய செம்பு சிவந்தது. நவச்சாரப் புகை எழுந்தது. பஞ்சால் ஒரு தேய்ப்பு. உள்ளே நிலா மாதிரி வெள்ளை ஓடிற்று. நண்பரின் மனைவி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். போகும்போது கிழவர், "தண்ணி இல்லாம மட்டும் பத்த வெச்சுடாதீங்க அம்மா, ஈயம் உருகிடும்" என்று ஞாபகப்படுத்தினார்.

மறுபடி வேலை வேண்டுமென்று நினைக்கிறவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.